பேஸ்மென்ட் பாத்ரூமில் போகாத நாற்றம்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட்டில் வாட்ச்மேன், டிரைவர்களுக்காக 6 அடிக்கு 5 அடியில் ஒரு பாத்ரூம் இருக்கிறது. ஜன்னல் இல்லை. கழிவுநீர் பக்கத்துத் தொட்டியில் விழுந்து மோட்டாரில் மேலேறுகிறது. தினமும் பினாயில் ஊற்றிக் கழுவியும் நாற்றம் போகவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியதும் இன்னும் மோசமாகிவிட்டது. ஏன்?
– வாசகர், சென்னை

பதில்: ஃபேன் மாட்டியதும் மோசமானது என்கிறீர்களே, அதுதான் துப்பு. ஃபேன் வெளியே தள்ளும் அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவு இறுக்கமாக இருந்தால், திறந்து கிடக்கும் சாக்கடை வழியே வரும். தரையிலுள்ள நானி டிராப்பில் (தண்ணீரைத் தேக்கிச் சாக்கடை வாயுவைத் தடுக்கும் கிண்ணம்) 2 அங்குலம் தண்ணீர் நின்றால் சாதாரண ஃபேனால் அதைத் தாண்டி வாயுவை இழுக்க முடியாது. தினமும் கழுவுகிறீர்கள், அதனால் டிராப் காய்ந்திருக்காது. வேறு எப்படியோ அந்தத் தண்ணீர்த் தடுப்பு போகிறது.

முதலில் டிராப்பின் மேலுள்ள ஜாலியைத் (ஓட்டை மூடி) தூக்கிப் பாருங்கள். தண்ணீர் சீக்கிரம் வடியட்டும் என்று உள்ளே தண்ணீரில் கவிழ்ந்திருக்கும் கப்பைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் உண்டு; அது இல்லாவிட்டால் வாயுவுக்குத் தடையில்லை. கப் இருந்தால், மோட்டார் ஓடுமுன்னும் ஓடிய பின்னும் டார்ச் அடித்துத் தண்ணீர் மட்டத்தைக் கவனியுங்கள். மட்டம் இறங்கினாலோ, 'குளுக் குளுக்' என்று சத்தம் கேட்டாலோ, தொட்டிக்கு வென்ட் பைப் (காற்றும் வாயுவும் போய்வரும் குழாய்) இல்லை அல்லது அடைத்திருக்கிறது. மோட்டார் தொட்டியைக் காலி செய்யும்போது காற்று உள்ளே வர வழியில்லாமல் டிராப்பிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது. தொட்டி நிரம்பும்போது அதே வழியாக வாயு மேலே வருகிறது.

தொட்டி மூடிக்கு ரப்பர் கேஸ்கெட் வைத்து போல்ட் போட்டு இறுக்குங்கள். அங்கிருந்து வென்ட்டுக்காக 3 அங்குல பி.வி.சி. பைப்பைத் தனியாக மொட்டைமாடிக்கு ஏற்றி, ஆள் உயரத்துக்கு மேலே முடித்துக் கவுல் (பைப் வாய்க்கான காற்றோட்ட மூடி) போடுங்கள். படுக்கையாகப் போகும் பகுதி தொட்டிப் பக்கம் சரிந்திருக்கட்டும். இல்லாவிட்டால் நீராவி குளிர்ந்து தண்ணீராய்த் தேங்கிப் பைப்பை அடைக்கும். செலவு மிச்சம் என்று இதை எக்ஸாஸ்ட் பைப்போடு சேர்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஃபேன் நின்றதும் வாயு அறைக்குள் திரும்பும்.

ஃபேன் கணக்கு சுலபம். 8 அடி உயரம் என்றால் அறை 240 கன அடி. மணிக்கு 15 முறை காற்று மாற, நிமிடத்துக்கு 60 கன அடி போதும். ஆனால் சுவரில் மாட்டும் சாதாரண ஃபேன், நீளமான பைப்பில் நான்கு வளைவு தாண்டித் தள்ளாது, சும்மா சுற்றும். பைப்புக்கு நடுவிலேயே பொருத்தும் இன்லைன் டக்ட் ஃபேன் வாங்குங்கள். அது தள்ளும் காற்றைக் கார் நிறுத்துமிடத்தில் விடாமல் கட்டடத்துக்கு வெளியே விடுங்கள். உள்ளே காற்று வர, கதவின் அடியில் 1 அங்குலம் வெட்டிவிடுங்கள்.

கசிவு தேட ஊதுபத்தியைத் தொட்டி அருகே கொண்டுபோகாதீர்கள், அங்கே சேரும் மீத்தேன் தீப்பிடிக்கும். மூடி ஓரத்தில் சோப்பு நுரை தடவினால், மோட்டார் நின்று தொட்டி நிரம்பும் நேரத்தில் குமிழி காட்டிக்கொடுக்கும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றவே கூடாது. ஜன்னலில்லாத அறையில் குளோரின் வாயு ஆளைச் சாய்த்துவிடும். தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. பாதுகாப்புக் கருவியின்றி இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. லாரி வைத்து உறிஞ்சச் சொல்லுங்கள்.