கிண்ணத்தை விட்டுக் கிளையைப் படமெடுங்கள்

அன்புள்ள ஐயா,

திருச்சி உறையூரில் இருக்கிறேன். போன கோடையில் மொட்டைமாடியில் ஒரு தண்ணீர்க் கிண்ணமும் பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிச் செய்த தீனிப்பெட்டியும் வைத்தேன். சிட்டுக்குருவி, புள்ளிச் சில்லை, கொண்டைக்குருவி எல்லாம் வருகின்றன. ஏபிஎஸ்-சி (கொஞ்சம் சின்ன சென்சார் உள்ள) கேமராவும் 300 மி.மீ. வரை போகும் லென்ஸும் வைத்து ஆறு மாதமாகப் படமெடுக்கிறேன். எல்லாப் படத்திலும் பாட்டிலும் தண்ணீர்த் தொட்டியும்தான் தெரிகின்றன, பறவை ஒரு ஓரத்தில் மங்கலாக. மாடிக் கதவைத் திறந்ததுமே பறந்துவிடுகின்றன. 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? போனில் பறவைக் குரலைப் போட்டால் பக்கத்தில் வரும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார், செய்யலாமா? தேன்சிட்டு மட்டும் கீழே செம்பருத்திக்கு வருகிறது, மாடிக்கு வருவதே இல்லை. நான்கு படங்கள் இணைத்திருக்கிறேன்.

கவிதா

அன்புள்ள கவிதா,

லென்ஸ் வாங்க வேண்டாம். கையில் இருப்பதே போதும். உங்கள் கேமராவில் 300 மி.மீ. வைத்து 3 மீட்டர் தூரத்தில் இருப்பதை எடுத்தால், படத்துக்குள் அடங்கும் அகலம் ஏறக்குறைய 24 செ.மீ. புள்ளிச் சில்லையின் நீளம் 11, 12 செ.மீ. இருக்கும். அதாவது பறவையே பாதிப் படத்தை நிறைத்துவிடும். உங்கள் படங்களில் அது கடுகு மாதிரி தெரிவதற்குக் காரணம், நீங்கள் படிக்கட்டு வாசலில் நின்றுகொண்டு மாடியின் மறுகோடியை எடுக்கிறீர்கள். மா. கிருஷ்ணன் தன் கேமராவையே பல உதிரி பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்டு கறுப்பு வெள்ளையில் காட்டு விலங்குகளை எடுத்தவர். அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, பறவைப் படம் சரியாக வராததற்கு லென்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சரி, எப்படி 3 மீட்டருக்குள் வரவைப்பது? ஒரு வாரம் கேமராவைத் தொடாமல் உட்கார்ந்து பாருங்கள். எந்தச் சின்னப் பறவையும் அநேகமாக நேராகத் தீனியில் வந்து இறங்காது. முதலில் பக்கத்தில் ஏதாவது ஒன்றில் உட்காரும், கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கும், பூனை இல்லை, மேலே வைரி என்ற வேட்டைப் பறவை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகுதான் கிண்ணத்துக்கு இறங்கும். என் வீட்டில் அது துணி காயப்போடும் கொடிக்கயிறாக இருந்தது. நான் அதைக் கவனிக்காமல் இரண்டு வருடம் கிண்ணத்தையே எடுத்துக்கொண்டிருந்தேன், தலையைக் குனிந்து கொத்தும் முதுகுகளாகவே சேர்ந்தன. பறவை நிமிர்ந்து, விழிப்பாக, சிறகை ஒழுங்காக மடித்து உட்கார்ந்திருப்பது அந்த இரண்டு மூன்று நொடிகள்தான். நீங்கள் எடுக்க வேண்டியது அதைத்தான்.

அதனால் அந்த இடத்தை நீங்களே போட்டுக் கொடுங்கள். பழைய பெயிண்ட் வாளியில் மணலை நிரப்பி ஒரு கிளையை நட்டு வையுங்கள். வேம்பு, முருங்கை, கருவேலம் எதுவானாலும் சரி, சுண்டுவிரல் தடிமன் போதும், ஏனென்றால் தடித்த கட்டையில் உட்கார்ந்தால் கால்விரல் பற்றியிருக்கும் அழகு தெரியாது. தீனியிலிருந்து ஓரடி தள்ளி, அதைவிடக் கொஞ்சம் உயரத்தில், படத்துக்குள் தீனிப்பெட்டி வராதபடி வையுங்கள். கிளைக்குப் பின்னால் நான்கைந்து மீட்டருக்கு எதுவும் இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டு மாமரம் உங்கள் இரண்டாவது படத்தில் தெரிகிறதே, அதைப் பின்னணியாக வைத்தால் வழவழவென்று பச்சையாக வந்துவிடும், தண்ணீர்த் தொட்டி எங்கேயோ போய்விடும். பறவையின் கண்ணும் லென்ஸும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், ஆகவே ஒரு முக்காலி போட்டு உட்காருங்கள். மாடியில் நிற்கும் ஆளைவிட உட்கார்ந்திருக்கும் ஆளுக்குப் பறவை குறைவாகப் பயப்படும் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

கதவைத் திறந்தால் பறப்பதற்கு வழி, பறவைகள் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுவது. விடிந்ததும் போங்கள். கொடியில் ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டு, அதில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை. முதல் நான்கைந்து நாட்கள் அந்த ஓட்டையில் லென்ஸுக்குப் பதில் ஒரு கறுப்பு பாட்டிலைச் செருகி வையுங்கள், பறவைகளுக்கு அது பழகிவிடும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். உங்கள் ஊர் வெயிலில் எட்டரை மணிக்கு மேல் எடுப்பதை விட்டுவிடலாம், வெள்ளை இறகெல்லாம் வெளுத்துப்போகும், மறுபடி மாலை நான்கரைக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

மங்கலாக வருவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று ஷட்டர் வேகம். உங்கள் படங்களில் 1/250 நொடி வைத்திருக்கிறீர்கள். உட்கார்ந்திருக்கும் சில்லைகூட நொடிக்கொரு தரம் தலையைத் திருப்பும், ஆகவே 1/1000க்குக் கீழே போகாதீர்கள், அதற்காக ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு, 1600 ஆனாலும் பரவாயில்லை. அதனால் படம் புள்ளி புள்ளியாகத் தெரிவதைச் சகித்துக்கொள்ளலாம், கண் கலங்கிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது காரணத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. 3 மீட்டரில், 300 மி.மீ.யில், லென்ஸின் திறப்பை எஃப் 5.6 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 2 செ.மீ.தான்! அலகு தெளிந்தால் வால் மங்கும். திறப்பைச் சுருக்கி எஃப் 8 வைத்தால் 3 செ.மீ. கிடைக்கும். அதனால் கிளையை உங்களுக்குக் குறுக்காக வைத்து, பறவை பக்கவாட்டில் உட்காரும்போது கண்ணில் குவியத்தை வைத்து எடுங்கள்.

மூன்றாவது படத்தில் இருப்பது வேறு பறவை இல்லை. மார்பில் செதிலே இல்லாமல் மொத்தமும் தவிட்டு நிறமாக இருக்கிறதே, அது புள்ளிச் சில்லையின் இளம்பறவை. பக்கத்தில் பெரியவை இருப்பதைப் பாருங்கள். நான்கில் எனக்குப் பிடித்தது அதுதான்.

போனில் குரல் போடுவது வேண்டவே வேண்டாம். தன் இடத்தில் இன்னொருவன் வந்துவிட்டான் என்று நினைத்துத்தான் அது ஓடி வருகிறது. குஞ்சுக்கு இரை தேடவேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அலையும். கூட்டுப் பக்கமும் போகாதீர்கள். படத்துக்காக இலையை ஒதுக்கிவிட்டால் அதே வழியாகக் காகம் பார்க்கும், வெயிலும் இறங்கும்.

தீனியும் அப்படித்தான், கவனமாக வைக்க வேண்டும். தினை, கம்பு, நொய்யரிசி போதும். உப்புப் போட்ட சோறும் மிக்சரும் கூடாது. அன்றன்றைக்குத் தீருகிற அளவு வைத்து, மிச்சத்தைக் கூட்டித் தள்ளி, பெட்டியைக் கழுவிக் காயவையுங்கள். இங்கிலாந்தில் 2005 முதல் பச்சைப் பின்ச் என்ற சின்னப் பறவைகளை டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி தரும் நோய் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. ஒரே தீனித்தட்டில் நெருக்கியடித்துத் தின்றது அது பரவிய வழிகளில் ஒன்று. இறகை உப்பிக்கொண்டு நகராமல் உட்கார்ந்திருக்கும் பறவையைப் பார்த்தால் இரண்டு வாரம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். படம் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால் தீனியைவிடத் தண்ணீரே மேல். தானியத்துக்கு வராத தையல்சிட்டும் குண்டுக்கரிச்சானும்கூடத் தண்ணீருக்கு வரும். இரண்டு மூன்று செ.மீ. ஆழமுள்ள மண்சட்டி, உள்ளே ஒரு சொரசொரப்பான கல், தினமும் புதுத் தண்ணீர், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

தேன்சிட்டு கேட்டிருந்தீர்கள். சர்க்கரைத் தண்ணீர் வைக்காதீர்கள். இரண்டு தொட்டியில் இட்லிப்பூவும் செம்பருத்தியும் வைத்து, காலையில் இலைகள் சொட்டச் சொட்டத் தண்ணீர் தெளித்துவிட்டு உங்கள் புடவைக்குப் பின்னால் போய் உட்காருங்கள். அது கிண்ணத்தில் இறங்கிக் குளிப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஈர இலைமேல் உடம்பைத் தேய்த்துப் புரண்டு குளிக்கும், அப்போது 1/2000 வையுங்கள்.

அன்புடன்.