ஆய்வாளரின் சாய்வு எங்கே நுழைகிறது?

கேள்வி: இயந்திரமயமாக்கலும் ஏற்றத்தாழ்வும் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். 47 சதவீத வேலைகளுக்கு ஆபத்து என்கிறது ஓர் ஆய்வு, 9 சதவீதம்தான் என்கிறது இன்னொன்று. சொந்த விழுமியங்களைக் கலக்காதே என்கிறார் வழிகாட்டி. அது முடிகிற காரியமா?

பதில்: கணக்குப் போடும்போது முடியும், முடிந்தே ஆக வேண்டும். எதைக் கணக்கிடுவது என்று முடிவெடுக்கும்போது முடியாது.

முதலில் அந்த 47, 9 விவகாரம். 47 என்ற எண்ணைச் சொன்ன ஆய்வாளர்கள் ஃப்ரேயும் ஆஸ்போர்னும் 2013இல் அமெரிக்காவின் 702 தொழில்களை முழுசு முழுசாக எடுத்து மதிப்பிட்டார்கள். கணக்கெழுதும் குமாஸ்தா வேலைக்கு அவர்கள் தந்த ஆபத்து 98 சதவீதம். 9 என்று சொன்ன ஆர்ன்ட்ஸும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2016இல், அதே குமாஸ்தாக்கள் அன்றாடம் என்னென்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். குழு வேலையோ நேருக்கு நேர் பேச்சோ இல்லாமல் வேலையை முடிப்பவர்கள் 24 சதவீதம்தான்; மற்றவர்களின் வேலையை இயந்திரத்திடம் முழுசாக ஒப்படைப்பது கடினம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. இதை விழுமியச் சண்டை என்றும் சொல்ல மாட்டேன், அளவுகோல்தான் வேறு.

விழுமியம் நுழைவது அடுத்த கட்டத்தில். இயந்திரத்தால் ஒரு தரப்பு நூறு பெறுகிறது, இன்னொரு தரப்பு அறுபதை இழக்கிறது என்று வையுங்கள். பெற்றவர் இழந்தவருக்கு ஈடுகட்ட முடியும் என்றாலே போதும், அது முன்னேற்றம்தான் என்கிறது 1939இல் பொருளியலாளர்கள் கால்டரும் ஹிக்ஸும் முன்வைத்த அளவுகோல். ஈடு உண்மையில் கொடுக்கப்பட்டதா என்று அது கேட்பதில்லை. வேலை போனவருக்கு அந்தக் கேள்விதானே எல்லாம்! "மொத்தத்தில் லாபம்" என்று எழுதுகிறவர் தன் கருத்தைக் கலக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருப்பார். ஆனால் கலந்தாயிற்று.

1970இல் பொருளியலாளர் அட்கின்சன் இதற்கு நேர்மையான வழி ஒன்று காட்டினார். அவருடைய ஏற்றத்தாழ்வுக் குறியீட்டில் எப்சிலான் என்று ஓர் எண் உண்டு. அது பூஜ்யம் என்றால் கூடுதல் வருமானம் யாருக்குப் போனாலும் ஒன்றுதான். எண் ஏற ஏற, ஏழைக்குக் கிடைப்பதற்கு எடை கூடும். எண்ணைத் தேர்வது நாம், அது எல்லார் கண்ணிலும் படும்.

ஆகவே தரவைத் திறப்பதற்கு முன்பே ஒரு பக்கம் எழுதி வழிகாட்டியிடம் கொடுங்கள்: யாருடைய இழப்பை எண்ணுகிறேன், எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த எப்சிலானில், ஏன். அப்புறம் இரண்டு மூன்று எப்சிலான்களில் கணக்கை ஓட்டி எல்லா முடிவுகளையும் அட்டவணையில் போடுங்கள், உங்களுக்குப் பிடிக்காத முடிவையும் சேர்த்து.