கேளுங்கோ, சொல்லுறன்

கேள்வி: நியூஜேர்சியில் இருக்கிற மகள் குடும்பத்துக்கு அரசாங்க மருத்துவக் காப்புறுதி நின்றுபோச்சாம். மருமகனுக்குச் சம்பளம் ஒரு சதமும் கூடவில்லை. வீடுதான் மாறினவை. அந்தக் காப்புறுதியில் இருக்கிற ஆட்கள் அமெரிக்காவில் குறைஞ்சுகொண்டு போகினம் எண்டு பேப்பரில் கண்டன். அப்ப அங்க ஏழைகள் குறைஞ்சிட்டினமோ?
– வாசகி, முள்ளியவளை

பதில்: இல்லைத் தங்கச்சி. வீடு மாறினவை எண்டு எழுதியிருக்கிறீங்கள், விசயம் அதுக்குள்ளதான் கிடக்கு.

மெடிகெய்ட் எண்ட அந்தத் திட்டம் 1965 இல் வந்தது. காசு மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து போடும். பதிவு மாநிலத்தின்ர வேலை. ஒவ்வொரு வருசமும் புதுப்பிக்க வேணும். கொரோனா வந்தபோது, 2020 மார்ச்சில், ஆட்களை வெட்டாமல் வைத்திருக்கிற மாநிலங்களுக்கு மேலதிகக் காசு எண்டு சட்டம் போட்டார்கள். சிறுவருக்கான காப்புறுதித் திட்டத்தையும் சேர்த்து 71 மில்லியனாக இருந்த ஆட்களின்ர எண்ணிக்கை 94 மில்லியன் வரை ஏறியது. 2023 மார்ச் 31 உடன் அந்த ஏற்பாடு முடிஞ்சுது. பிறகு 25 மில்லியனுக்கு மேற்பட்டோர் வெட்டுப்பட்டார்கள். அதில் பத்துக்கு ஏழு பேர் படிவம் திரும்பி வரவில்லை, கடிதம் போய்ச் சேரவில்லை எண்ட மாதிரிக் காரணங்களால் போனவை. அவையின்ர வருமானத்தை ஒருத்தரும் பார்த்து முடிவெடுக்கவில்லை.

நானும் பென்சன் எடுக்கும் மட்டும் நிவாரணப் பட்டியலோடதான் மாரடிச்சனான். மீளக்குடியேறின சனத்தின்ர பேர் பழைய விலாசத்திலேயே கிடக்கும். ஆளைக் காணேல்லை எண்டு கோடு கீறிவிடுவினம். "பயனாளிகள் குறைந்துள்ளனர்" எண்டு மாவட்டத்துக்கு அறிக்கை போனால் மேல இருக்கிறவைக்குப் பெரிய சந்தோசம். ஏன் குறைஞ்சது எண்டு எழுத அந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் இருக்கேல்லை. அமெரிக்காவில் அந்தக் கட்டம் இருந்தபடியால்தான் பத்துக்கு ஏழு எண்ட கணக்காவது வெளியில வந்தது. வெறும் மொத்தத் தொகையைக் கண்டால் நான் நம்பமாட்டன்.

சரி, மகளுக்குச் சொல்லுங்கோ: வந்த கடிதத்தில் காரணம் என்ன எண்டு பாக்கட்டும். படிவம் அனுப்பாததுதான் காரணம் எண்டால், நின்ற நாளில் இருந்து 90 நாளுக்குள்ள அதை நிரப்பிக் குடுத்தால் புது விண்ணப்பம் இல்லாமலே திரும்பப் பரிசீலிக்க வேணும். அங்க அதுக்கு நியூஜேர்சி ஃபமிலிகெயார் எண்டு பேர். புது விலாசத்தையும் அவையிட்டயே பதியட்டும். பிள்ளையளின்ர விசயத்தைத் தனியாகக் கேக்கச் சொல்லுங்கோ. பெரியாக்களை விட அவைக்கு வருமான எல்லை கூட. 2024 ஜனவரியில் இருந்து, 19 வயதுக்குக் கீழ்ப்பட்டவை ஒருக்காச் சேர்ந்தால், இடையில் வருமானம் ஏறினாலும் 12 மாதம் வெட்டக்கூடாது.

இன்னொண்டு. 2025 ஜூலையில் வந்த சட்டத்தின்படி, 2026 முடிவில் இருந்து, வருமான எல்லையைக் கூட்டித் திட்டத்தை விரிவாக்கினதால் உள்ளே வந்த பெரியாக்கள் ஆறு மாதத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்க வேணும். மருமகன் அந்தப் பிரிவோ எண்டு இப்பவே விசாரிச்சு வைக்கட்டும்.