ஆக்சிஜன் நாட் இன்க்ளூடெட் (விண்வெளிக் குடியிருப்பை நடத்தும் கணினி விளையாட்டு): தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசர் அடிக்கடி நிற்கிறது, ஆட்களுக்கு மூச்சு முட்டுகிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் தண்ணீரோ மின்சாரமோ காரணமில்லை, காற்றழுத்தம்தான். சுற்றியுள்ள வாயு கட்டத்துக்கு 1.8 கிலோவை எட்டினால் எலக்ட்ரோலைசர் தானாக நின்றுவிடும். உற்பத்தியாகும் வாயுவை உடனுக்குடன் உறிஞ்ச வேண்டும்.

கணக்கு இதுதான். ஒரு எலக்ட்ரோலைசர் நொடிக்கு 1 கிலோ தண்ணீரை 888 கிராம் ஆக்சிஜன், 112 கிராம் ஹைட்ரஜன் என்று பிரிக்கும். ஒரு டூப்ளிகன்ட்டுக்கு (விளையாட்டில் நம் ஆள்) நொடிக்கு 100 கிராம் வேண்டும். ஆக, 8 பேருக்குத் தாராளம். கேஸ் பம்பு ஒன்று 500 கிராம்தான் இழுக்கும். ஒரே பம்பு வைப்பதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். மூடிய அறையில் ஆக்சிஜனுக்கு இரண்டு, ஹைட்ரஜன் மேலே போய்த் தங்கும் என்பதால் கூரையை ஒட்டி ஒன்று வையுங்கள். அந்த மேல் பம்பை, எந்த வாயு என்று கண்டறியும் சென்சாரோடு இணைத்து ஹைட்ரஜனுக்கு அமைத்தால், ஹைட்ரஜன் சேர்ந்த பிறகே ஓடும். குழாயில் ஆக்சிஜன் பெரும்பாலும் கலக்காது.

அந்த ஹைட்ரஜனை ஜெனரேட்டருக்கு அனுப்பினால் சராசரியாக 896 வாட் கிடைக்கும். எலக்ட்ரோலைசருக்கு 120, பம்புகளுக்குச் சராசரியாக 480 போக மிச்சமும் உண்டு. வாயுக்களைப் பிரிக்கும் கேஸ் ஃபில்டர் சேர்த்தால் இன்னும் 120 வாட் போகும். மேலே சொன்ன அமைப்பில் அது வீண்செலவு.

இன்னொரு தலைவலி சூடு. ஆக்சிஜன் குறைந்தது 70 டிகிரியில் வரும். சாதாரண தாதுவில் செய்த பம்பு 75 டிகிரியிலேயே பழுதாகத் தொடங்கும், ஆகவே அதிகச் சூடு தாங்கும் கோல்டு அமால்கம் என்ற தாதுவில் கட்டுங்கள். குளிர்விக்காமல் பண்ணைக்குள் விட்டால், 30 டிகிரிக்கு மேல் தாங்காத மீல்வுட் என்ற உணவுப் பயிர் வளர்வதை நிறுத்திவிடும்.