உங்கள் கேள்வி: லத்தீன் அமெரிக்க அகதிகளுக்கு உளவியலாளராக

கேள்வி: மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளவியல் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டாள். கலிபோர்னியாவில், வன்முறைக்குத் தப்பி வந்த லத்தீன் அமெரிக்க மக்களிடையே மருத்துவ உளவியலாளராக வேலை செய்ய விரும்புகிறாள். வழி என்ன?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: அங்கே உளவியலாளராகத் தனித்துத் தொழில் செய்யக் கலாநிதிப் பட்டம் வேண்டும், முதுமாணி போதாது. அது இரண்டு வகை. ஆய்வை மையமாகக் கொண்ட பிஎச்.டி. என்றால் பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடியாகும், மாதப்படியும் கிடைக்கும். சிகிச்சைத் தொழிலை மையமாகக் கொண்ட சை.டி. (Psy.D.) பெரும்பாலும் கைக்காசு. எதுவானாலும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் உள்ளதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் பயிற்சி இடமும் அனுமதிப்பத்திரமும் இழுபடும்.

கடைசி ஆண்டில் ஏறத்தாழ 2,000 மணிநேர முழுநேரப் பயிற்சி. முன்னாள் படையினருக்கான அரச வைத்தியசாலைகள் அமெரிக்கக் குடியுரிமை கேட்கும். அந்த இடங்களைக் கணக்கில் எடுக்கவேண்டாம். கலிபோர்னியா மொத்தம் 3,000 மணிநேரம் கேட்கிறது. அதில் 1,500 பட்டத்துக்குப் பிறகு. அனுமதிப்பத்திரத்துக்கு 225 கேள்விகள் கொண்ட உளவியல் பரீட்சையும் மாநிலச் சட்டப் பரீட்சையும் உண்டு.

கூடுதலானோர் சறுக்குவது மொழியில். கடைத்தெரு ஸ்பானியம் சிகிச்சை அறைக்குப் போதாது. எங்கள் தாய்மார் துயரத்தைப் ‘பெருமூச்சாய் வருது, நெஞ்சு எரியுது’ என்பார்களே, அதுபோல அவர்களிடம் ‘சுஸ்தோ’ உண்டு: திடுக்கிட்டதில் உயிர் உடலைவிட்டு விலகிவிட்டதாம். ‘அத்தாக்கே தே நெர்வியோஸ்’ என்பது இழப்பின்போதோ சண்டையின்போதோ குளறி அழுது, நடுங்கி விழுவது. அதை வலிப்பு என்று எழுதினால் மருந்தே பிழையாகிவிடும். குவாத்தமாலாவிலிருந்து வரும் பலருக்கு மாம், கிச்சே போன்ற மாயா மொழிகளே தாய்மொழி. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் தேவை. சிகிச்சைக்கு வருபவரின் பிள்ளையை அந்த இடத்தில் இருத்தவே கூடாது. தாய் தனக்கு நடந்ததைப் பிள்ளையின் வாயால் சொல்லமாட்டார்; சொன்னால் பிள்ளைக்கும் காயம்.

‘உதவி செய்ய ஆசை’ என்று மட்டும் விண்ணப்பத்தில் எழுதினால் எடுபடாது. எல் சல்வடோரில் 1989 நவம்பர் 16இல் படையினரால் கொல்லப்பட்ட உளவியலாளர் இக்னாசியோ மார்ட்டின்-பாரோ, போரின் மனவடு தனியாளுக்குள் மட்டுமல்ல, சமூக உறவுகளிலும் இருக்கிறது என்றார். மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எங்கள் மண்ணை வைத்து எழுதிய கூட்டு மனவடு, அதாவது ஒரு சமூகமே சேர்ந்து சுமக்கும் காயம், அதற்கு அயல்வீடு. இரண்டையும் படித்து, எந்தப் பேராசிரியரின் ஆய்வோடு தன் கேள்வி பொருந்துகிறது என்று மகள் எழுதட்டும். அந்த இரட்டைப் பார்வை மற்ற விண்ணப்பதாரர்களிடம் இலேசில் இராது.

பல பிஎச்.டி. விண்ணப்பங்கள் டிசம்பர் தொடக்கத்தோடு முடிந்துவிடும். ஸ்பானிய வகுப்பை இந்த மாதமே தொடங்குங்கள்.