டிராஃப்ட்டுக்கு முன் இளம் ஃபூட்டி வீரர்களை எடைபோடுவது எப்படி? கேள்வி பதில்

ஃபூட்டி எனப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்தின் உச்ச லீக்கான ஏ.எஃப்.எல்.லில், கழகங்கள் முறை வைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் தேசிய டிராஃப்ட் நவம்பரில். அதற்குள் பதினெட்டு வயதுப் பையன்களில் யாரை, எப்படிப் பார்ப்பது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு: இந்தப் பையன் இருபத்திரண்டு வயதில், முழு வளர்ச்சி அடைந்த ஆண்களுக்கு நடுவே, என்ன செய்வான்?

கேள்வி: விக்டோரியாவின் 18 வயதுப் பிரிவான டேலண்ட் லீக் ஆட்டங்களுக்கு இந்த வருஷம்தான் போக ஆரம்பித்திருக்கிறேன் சார். களத்தில் 36 பேர். கண் பந்து பின்னாலேயே போய்விடுகிறது. வீட்டுக்கு வந்து யோசித்தால் யாரையும் சரியாகப் பார்த்த மாதிரி இல்லை.

ஓர் ஆட்டத்துக்கு மூன்று பேர் போதும். முதல் கால்பகுதியில் பொதுவாகப் பாருங்கள்: காற்று எந்தக் கோல் பக்கம் அடிக்கிறது, நடுக்களத்தில் யார் தொடங்குகிறார்கள், யாரை யார் காவல் காக்கிறார்கள். காற்றை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாண்ட்ரிங்ஹாமில் டிரெவர் பார்க்கர் பீச் ஓவல் மாதிரியான கடலோர மைதானத்தில் காற்று ஸ்கோரையே புரட்டிப் போட்டுவிடும். காற்றோடு ஆடிய கால்பகுதியில் ஒரு ஃபார்வர்டு 3 கோல் போட்டால், எதிர்க்காற்றில் என்ன செய்தான் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

இரண்டாம் கால்பகுதியிலிருந்து, கால்பகுதிக்கு ஒருவர். பந்து எங்கே இருந்தாலும் கண் அவன் மேலேயே இருக்கட்டும். பந்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஐந்து குறிப்பு: எப்படிக் கிடைத்தது (தரையில் போராடியா, உதைத்துவந்த பந்தைக் காற்றிலேயே மார்க் பிடித்தா, சக வீரர் கையால் குத்தி ஹேண்ட்பால் கொடுத்தா), சுற்றி எவ்வளவு இடம் இருந்தது, எந்தக் கால், எங்கே அனுப்பினான், போய்ச் சேர்ந்ததா. இதைவிட முக்கியமானது பந்து இல்லாத நேரம். தன் அணி பந்தை இழந்த முதல் மூன்று விநாடியைக் கவனியுங்கள். உடனே திரும்பி ஓடுகிறானா, தன் ஆளைத் தேடுகிறானா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறானா? புள்ளிவிவரத் தாளில் இது வரவே வராது. ஆனால் சீனியர் அணிக்குப் போனதும் பயிற்சியாளர் முதலில் கேட்பது இதைத்தான்.

நிற்கும் இடமும் முக்கியம். மிட்ஃபீல்டருக்கு விங் பக்கம் கொஞ்சம் மேடான இடம் நல்லது. கோல் போடும் நெட்டையான கீ ஃபார்வர்டையும், தடுக்கும் டிஃபெண்டரையும் கோல் கம்பங்களுக்குப் பின்னாலிருந்து பார்த்தால்தான் ஓட்டத்தை எப்போது தொடங்குகிறார்கள் என்பது தெரியும்.

கேள்வி: “நல்ல கிக்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்?

பந்தைக் காலுக்குக் கொண்டுபோகும் கையைப் பாருங்கள். வலது காலில் அடிப்பவன் என்றால் வலது கைதான் பந்தைக் கீழே கொண்டுபோக வேண்டும். இடது கை முன்பே விலகிவிடும். இடுப்பு உயரத்தில் விட்டால் பந்து காற்றில் இருக்கும் தூரம் குறைவு. அதனால் காற்று தள்ளுவதற்கும் டேக்கிள் இடறுவதற்கும் வாய்ப்பு குறைவு. மார்பு உயரத்திலிருந்து விடுபவனுக்கு வெயில் நாளில் எல்லாம் சரியாகப் போகும். மழையிலும் நெருக்கடியிலும் பந்து தடம் மாறும். பந்து உடம்புக்குக் குறுக்கே விழுந்தால் கிக் வளைந்து போகும். கணுக்கால் தளர்ந்திருந்தால் மிதந்துபோய் எதிராளிக்கு நேரம் கொடுக்கும். உடம்பைப் பின்னால் சாய்த்து அடித்தால் தேவையில்லாமல் உயரும்.

இதில் எதைத் திருத்த முடியும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பிடியையும், பந்தை விடும் உயரத்தையும், சீசன் தொடங்கும் முன் நடக்கும் பயிற்சிக் காலம் ஒன்றிரண்டில் சரிசெய்யலாம். பந்தைப் பிடிக்கும் முன்பே அடுத்து எங்கே என்று தலையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் வராது. எனக்கு அழகான கிக்கைவிட அந்தப் பார்வை பெரிது.

மற்ற காலையும் சோதியுங்கள். வலுவான கால் பக்கத்திலிருந்து ஆள் வரும்போது மற்ற காலில் அடிக்கிறானா, அல்லது உடம்பை முழுக்கச் சுற்றி மறுபடி அதே காலுக்கே வருகிறானா? டேலண்ட் லீக்கில் சுற்ற நேரம் கிடைக்கும். ஏ.எஃப்.எல்.லில் அந்த அரை விநாடி கிடைக்காது, “ஹோல்டிங் த பால்” (பிடிபட்டும் பந்தை விடாத தப்பு) என்று விசில் ஊதிவிடுவார்கள்.

கேள்வி: ஒரு பையன் வாரா வாரம் 30 டிஸ்போசல் (கிக், ஹேண்ட்பால் இரண்டும் சேர்த்து) எடுக்கிறான். ஆனாலும் டிராஃப்ட் பட்டியலின் மேலே அவன் பேர் இல்லை. ஏன்?

அந்த 30 எப்படி வந்தது என்று பிரித்துப் பாருங்கள். பின்வரிசையில் சும்மா பக்கவாட்டில் கைமாற்றி வாங்கியது பாதி இருக்கலாம். போராடி எடுத்த பந்துகள், கிளியரன்ஸ் (நெரிசலிலிருந்து பந்தை வெளியே கொண்டுவருவது), ஸ்கோரில் பங்கு, முன்னோக்கிப் போன மீட்டர், இவைதான் கனமான எண்கள். அணியையும் பாருங்கள். 2019 டிராஃப்ட்டில் முதல் இரண்டு இடத்தையும் பிடித்த மேட் ரோவெல், நோவா ஆண்டர்சன் இருவரும் ஓக்லி சார்ஜர்ஸ் என்ற ஒரே அணிப் பையன்கள். அப்படிப்பட்ட நடுக்களத்தில் மூன்றாவதாக ஆடும் பையனுக்குப் பந்து சுலபமாக வரும். பலமற்ற அணியில் தனியாளாக நிற்பவனுக்கு 18 டிஸ்போசலே பெரிய காரியம்.

இன்னொன்று: மெல்பர்னின் பெரிய தனியார் பள்ளிகளில் படிப்பவர்கள் சனிக்கிழமைகளில் பள்ளி அணிக்கு ஆடுவதால் டேலண்ட் லீக் ஆட்டங்கள் குறைவாகவே இருக்கும். அவன் ஆட்டக் கணக்கைப் பார்த்து “காயமோ” என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பள்ளி ஆட்டத்தைப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியாப் பையன்களை விக்டோரியாப் பையன்களோடு எப்படி ஒப்பிடுவது?

18 வயதுக்கு உட்பட்டோர் தேசிய சாம்பியன்ஷிப்பில். விக் மெட்ரோ (மெல்பர்ன்), விக் கன்ட்ரி (விக்டோரியாவின் மற்ற பகுதி), தெற்கு, மேற்கு, அலைஸ் என்று ஐந்து அணி. அலைஸில் நியூ சவுத் வேல்ஸ், ஏ.சி.டி., குயின்ஸ்லாந்து, டாஸ்மேனியா, வடபுலம் சேரும். தெற்கு, மேற்கு ஆஸ்திரேலியாவின் மாநில லீக்குகளான எஸ்.ஏ.என்.எஃப்.எல்., டபிள்யூ.ஏ.எஃப்.எல். சீனியர் அணியில் 17, 18 வயதிலேயே ஆண்களோடு ஆடியிருந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. 2020இல் கொரோனாவால் விக்டோரியாவின் 18 வயதுப் பிரிவு லீக் நடக்கவே இல்லை. தங்கள் மாநிலங்களில் சீனியர் ஆட்டம் ஆடிய ரைலி தில்தார்ப் 2ஆவதாகவும் லோகன் மெக்டொனால்ட் 4ஆவதாகவும் எடுக்கப்பட்டார்கள். விக்டோரியாப் பையன்களுக்கோ 2019 காணொளிதான் கதி.

கேள்வி: டிராஃப்ட்டுக்கு முன் நடக்கும் கம்பைன் உடல்திறன் சோதனை எண்களில் எது நல்ல எண்?

20 மீட்டர் ஓட்டத்தில் 2.9 விநாடிக்குக் கீழே வந்தால் நல்ல வேகம். 2 கிலோமீட்டர் ஓட்டத்தில் 6 நிமிடம் 10 விநாடிக்குக் கீழ் வந்தால் மிக நல்லது. 6 நிமிடத்துக்குள் வருபவர்கள் சிலரே. ஓடிவந்து குதிப்பதில் 80 செ.மீ.யைத் தாண்டினாலே கவனிக்கலாம். 2008இல் நிக் நைட்டநூய் மாதிரி 100 செ.மீ.யைத் தாண்டுவது அபூர்வம்.

20 மீட்டரில் மொத்த நேரத்தைவிட முதல் 5 மீட்டர் நேரம் எனக்கு முக்கியம். நின்ற ஆட்டம் மறுபடி தொடங்கும் ஸ்டாப்பேஜிலிருந்து பந்தோடு வெளியே வருவது அந்த ஐந்து மீட்டரில்தான். 2 கிலோமீட்டரை நல்ல நேரத்தில் ஓடியவன் நான்காம் கால்பகுதியில் நடக்கிறான் என்றால் அது தாங்குசக்திப் பிரச்சினை இல்லை; மனசு, அல்லது ஆட்டத்தைப் படிக்கத் தெரியாமல் வீணாக ஓடித் தீர்ப்பது. ஆக, சோதனை எண்ணை ஆட்டத்தில் பார்த்ததோடு ஒட்டிப் பார்க்கத்தான் பயன்படுத்த வேண்டும். களத்தில் மெதுவாகத் தெரிந்தவன் சோதனையில் வேகமாக ஓடினால், பழைய காணொளியை மறுபடி போட்டுப் பாருங்கள். அவன் தாமதமாக முடிவெடுப்பது அங்கே தெரியும்.

கேள்வி: பிறந்த மாதத்துக்கு இவ்வளவு முக்கியத்துவமா?

ஆமாம். டிசம்பர் 31க்குள் 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஒரே டிராஃப்ட்டில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் நிற்பார்கள். கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம், அந்த வயதில் உடம்பில் நிறைய. பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும், கடந்த 12 மாதத்தில் எத்தனை செ.மீ. வளர்ந்தான் என்பதையும் எழுதுங்கள். 15 வயதிலேயே மீசை முளைத்து எல்லோரையும் இடித்துத் தள்ளியவனுக்கு அந்தச் சாதகம் 20 வயதில் இருக்காது. உடம்பை ஒதுக்கிவிட்டு மிச்சம் என்ன திறமை என்று கேளுங்கள். டிசம்பரில் பிறந்து, ஒல்லியாக இருந்தும் சரியான இடத்துக்கு முதலில் போய்ச் சேருகிறவனை நான் பட்டியலில் மேலே ஏற்றுவேன்.

கேள்வி: உயரம் குறைவு என்றால் கதை முடிந்ததா?

இல்லை. 168 செ.மீ. கேலப் டேனியல் 2014இல் தேசிய சாம்பியன்ஷிப்பின் சிறந்த வீரருக்கான லார்க் பதக்கம் வாங்கினார். ஆனாலும் 46ஆவது தேர்வாகத்தான் போனார். 2016இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸின் சாம்பியன் அணியில் இருந்தார். லாக்கி நீல் 58ஆவது தேர்வு. லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் 2020, 2023 என்று இரண்டு. குட்டையானவனிடம் கிக்கிங், முதல் ஐந்து மீட்டர், பந்துக்குக் குனியும் துணிச்சல் மூன்றும் சராசரிக்கு மேலே இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கஷ்டம்.

கேள்வி: நெட்டையான பையன்கள் விஷயத்தில் ஏன் இத்தனை தவறு நடக்கிறது?

பொறுமை இல்லாததால். ஹேரி மெக்கே 2015இல் கார்ல்டனுக்குப் போனார். அதிகக் கோல் போட்டவருக்கான கோல்மன் பதக்கம் வாங்கியது 2021இல். நடுவர் போடும் பந்தைக் குதித்துத் தட்டும் ரக் வீரர்களுக்கு இன்னும் நாளாகும். பெயர்பெற்ற ரக் வீரர் மேக்ஸ் கான்கூட 2009இல் 34ஆவது தேர்வுதான். நெட்டையானவனிடம் கோல் எண்ணிக்கையைத் தள்ளிவைத்துவிட்டு, பந்து விழும் இடத்தைக் கணிப்பது, கையை முழுக்க நீட்டித் தலைக்கு மேலே பிடிப்பது, கீழே விழுந்த பிறகு இரண்டாம் முயற்சி எடுப்பது ஆகியவற்றைப் பாருங்கள். மார்பில் அணைத்துப் பிடிக்கும் கீ ஃபார்வர்டு பெரியவர்களோடு ஆடும்போது எதிராளி பந்தைத் தட்டிவிட இடம் கொடுத்துவிடுவான்.

கேள்வி: முழங்கால் அறுவை சிகிச்சை ஆன பையனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். மேக்ஸ் கிங் 2018இல் சீசன் தொடக்கத்திலேயே முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிந்து உட்கார்ந்தார், செயின்ட் கில்டா அவரை 4ஆவதாக எடுத்தது. முந்தைய வருட ஆட்டமே போதுமானதாக இருந்தது. சுத்தமான ஒற்றைக் காயத்தைவிட எனக்குக் கவலை தருவது திரும்பத் திரும்ப வருவதுதான்: ஒரே தொடைத் தசை, தோள்பட்டை நழுவுவது, வேகமாக வளரும் பையனுக்கு முதுகின் கீழ் எலும்பில் அழுத்த விரிசல். மருத்துவ அறிக்கை கழக மருத்துவர் வேலை. நீங்கள் செய்ய வேண்டியது, தவறவிட்ட ஆட்டங்களைத் தேதியோடு குறித்து வைப்பது.

கேள்வி: தந்தை-மகன் விதி, அகாடமி, புள்ளி என்று ஒரே குழப்பம். இளம் வீரர்களைத் தேடிப் பார்க்கும் ஒரு ஸ்கவுட்டுக்கு இது ஏன் தெரிய வேண்டும்?

உங்கள் தேர்வு எண் நகர்ந்துவிடும் என்பதால். தந்தை ஒரு கழகத்துக்கு 100 ஆட்டம் ஆடியிருந்தால், மகனை எடுக்க அந்தக் கழகத்துக்கு முன்னுரிமை. வேறு கழகம் அவனுக்கு ஏலம் கேட்டால், அந்தத் தேர்வுக்குரிய புள்ளியைத் தன் தேர்வுகளிலிருந்து கொடுத்து ஈடுகட்டலாம். முதல் தேர்வுக்கு 3000 புள்ளி. 2022இல் வில் ஆஷ்கிராஃப்ட்டை நார்த் மெல்பர்ன் 2ஆவது தேர்வில் கேட்டது. அப்போது அதற்கு 2517 புள்ளி. 20 சதவீதத் தள்ளுபடி போகச் சுமார் 2014. தந்தை மார்கஸ் ஆடிய பிரிஸ்பேன் அதைக் கொடுத்து எடுத்துக்கொண்டது. 2025 டிராஃப்ட்டிலிருந்து தள்ளுபடி 10 சதவீதம்தான். இப்படி ஒவ்வொரு ஈடு நடக்கும்போதும் பின்னால் இருக்கும் எல்லாரும் ஓரிடம் கீழே இறங்குவார்கள். எனவே பட்டியலில் இப்படிப்பட்ட பெயர்களுக்கு வேறு நிறம் கொடுங்கள். 12ஆவது தேர்வு வைத்திருக்கும் கழகம் உண்மையில் 15ஆவதாகத் தேர்ந்தெடுக்க நேரிடலாம்.

கேள்வி: அண்ணை, நாங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து வந்து டண்டினோங்கில இருக்கிறம். மகனுக்கு 14. கிரிக்கெட்டை விட்டிட்டு ஃபூட்டிதான் எண்டு நிக்கிறான். எங்கட பிள்ளையளுக்கு வழி இருக்கோ?

இருக்கிறது அக்கா. ஆசியா, ஆப்பிரிக்கா போன்ற இடங்களில் பிறந்த பெற்றோரின் பிள்ளைகளுக்காகவும் முதற்குடிப் பிள்ளைகளுக்காகவும் கழகங்கள் 2016இலிருந்து நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமி நடத்துகின்றன. வசிக்கும் எல்லை, பெற்றோர் பிறந்த நாடு, அகாடமியில் பங்கேற்ற காலம் எல்லாம் பார்ப்பார்கள். உங்கள் முகவரி எந்தக் கழகத்தின் எல்லைக்குள் வருகிறது என்பதை முதலில் விசாரித்து, இப்போதே பதிந்துவிடுங்கள். பதினாறு, பதினேழு வரை காத்திருக்க வேண்டாம். ஈராக்கியப் பின்னணிக் குடும்பத்தைச் சேர்ந்த ஐசக் காக்கோ, எஸன்டனின் அகாடமி வழியாக 2024இல் 13ஆவது தேர்வாகப் போனார். கிரிக்கெட் ஆடிய பையன் என்றால் உயரப் பந்தைக் கண்ணால் தொடர்வது நன்றாக வரும். உடம்பு மோதலும் மற்ற காலில் உதைப்பதும்தான் பழக்க வேண்டியவை. தினமும் மற்ற காலில் 50 கிக், 20 மீட்டருக்குள், யாராவது ஒருவர் எதிரே நின்று பிடிக்கட்டும்.

கேள்வி: நேர்காணலில் கழகங்கள் என்ன தேடுகின்றன?

முக்கியமாக, வீட்டை விட்டு வந்து தங்குவானா என்பது. 2021இன் முதல் தேர்வு ஜேசன் ஹார்ன்-பிரான்சிஸ் ஒரே சீசனில் நார்த் மெல்பர்னை விட்டுச் சொந்த ஊரான அடிலெய்டுக்கு, போர்ட் அடிலெய்டுக்குப் போனார். அதனால் பெற்றோரையும் பள்ளிப் பயிற்சியாளரையும் விசாரிப்பார்கள். மோசமான ஆட்டம் ஒன்றைக் காட்டி “இங்கே என்ன நடந்தது?” என்று கேட்பார்கள். தன் தவறை இன்ன இடத்தில் நின்றேன், இன்னது பார்க்கவில்லை என்று துல்லியமாகச் சொல்பவன் பயிற்சியில் வேகமாகக் கற்பவன்.

கேள்வி: நவம்பரில் பெயர் வராத பையன்களை அடுத்த வருஷமும் பார்க்க வேண்டுமா?

கண்டிப்பாக. தேசிய டிராஃப்ட்டில் விடுபட்டவர்களுக்கு ரூக்கி டிராஃப்ட் இருக்கிறது. 2019இலிருந்து சீசன் நடுவிலும் ஒரு டிராஃப்ட் நடக்கிறது. அந்த முதல் வருஷமே, 27 வயது மார்லியன் பிக்கெட்டை ரிச்மண்ட் எடுத்தது. அவர் முதல் ஏ.எஃப்.எல். ஆட்டமே 2019 கிராண்ட் ஃபைனல், அதிலேயே சாம்பியன் பட்டம். எனவே பட்டியலைத் தூக்கிப் போடாதீர்கள். 19 வயதில் விக்டோரியாவின் வி.எஃப்.எல்., எஸ்.ஏ.என்.எஃப்.எல்., டபிள்யூ.ஏ.எஃப்.எல். அணியில் இடம் பிடித்த எல்லோரையும் ஏப்ரல், மே மாதங்களில் மறுபடி போய்ப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது, போன வருஷம் எழுதிய குறைகளில் எது சரியாகியிருக்கிறது என்பது. மற்ற காலில் அடிக்க ஆரம்பித்திருக்கிறானா, பந்தை இழந்த அந்த மூன்று விநாடியில் திரும்பி ஓடுகிறானா? இரண்டும் மாறியிருந்தால் அவன் பெயரை மறுபடி முதல் பக்கத்தில் எழுதுங்கள்.