பெரிய ஆல்டர்னேட்டர், பழைய ஒயர்: கேள்வி பதில்

24 வோல்ட் லாரிகளில் ஆல்டர்னேட்டரை (இன்ஜின் சுழற்ற, மின்சாரம் தந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) பெரிதாக்குவது குறித்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எந்த வேலையைத் தொடங்கினாலும் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். இதை நான் மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, கூடுதல் விளக்குகளும் கேபின் குளிர்சாதனமும் பொருத்தியதால் 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக 80 ஆம்பியர் வாங்கிவிட்டேன். பழைய ஒயரிலேயே இணைக்கலாமா?

பதில்: கூடாது. உங்கள் வண்டியில் 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் இருப்பதாகவும், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிப் பெட்டிவரை அது 5 மீட்டர் ஓடுவதாகவும் வைத்துக்கொள்வோம். அந்தச் செம்பில் 80 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே ஏறக்குறைய 0.7 வோல்ட் தொலைந்துவிடும். ஆல்டர்னேட்டர் தன் முனையில் 28.2 வோல்ட் தருகிறது என்றால் பேட்டரிக்கு 27.5 வோல்ட்தான் போய்ச் சேரும்; ஒயரோ வீணாகச் சூடேறும். அதே தூரத்துக்கு 35 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும்.

வாங்குவதற்கு முன்பே கேட்டிருந்தால் இன்னொன்றும் சொல்லியிருப்பேன். இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, எல்லா விளக்குகளையும் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் போல்ட்டிலும் (மின்சாரம் வெளிவரும் பாசிட்டிவ் முனை) மறுமுனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வைத்துப் பாருங்கள். அங்கே அரை வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால், உங்கள் குறை ஆல்டர்னேட்டரில் இல்லாமல் ஒயரில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கேள்வி: 80 ஆம்பியர் முழுவதும் பாய்ந்து பேட்டரி கொதித்துவிடாதா?

பதில்: கொதிக்காது. ஆல்டர்னேட்டர் ஆம்பியரைத் தள்ளுவதில்லை; கேட்கிறவர்கள் கேட்கிற அளவுக்குத்தான் கொடுக்கிறது. ரெகுலேட்டர் வோல்ட்டேஜைக் கட்டுக்குள் வைத்திருக்கும்வரை, நிறைந்த பேட்டரி சில ஆம்பியருக்கு மேல் வாங்காது. பேட்டரியைக் கொதிக்க வைப்பது கெட்டுப்போன ரெகுலேட்டரே அன்றி ஆல்டர்னேட்டரின் அளவு அன்று.

கேள்வி: ஃபியூஸை ஆல்டர்னேட்டர் பக்கம் வைப்பதா, பேட்டரி பக்கம் வைப்பதா?

பதில்: பேட்டரி பக்கம், எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். ஆல்டர்னேட்டர் தன் அளவுக்கு மேல் பெரிதாக எதையும் தந்துவிட முடியாது. பேட்டரி அப்படியில்லை, ஒயர் உராய்ந்து சேசிஸில் பட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்டும், அந்த ஒயர் நெருப்பாகிவிடும். 80 ஆம்பியருக்கு 100 அல்லது 125 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். மிச்சம் பிடிப்பதாக எண்ணி 80 ஆம்பியர் ஃபியூஸே போட்டீர்களானால், ஓட்டத்தின் நடுவே அது போய், ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜ் ஒரு கணம் எகிறி டயோடுகளைப் பலிவாங்கக்கூடும். ஃபியூஸ் மாட்டும்போதும் நெகட்டிவ் கழன்றே இருக்கட்டும்: பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் சேசிஸில் தட்டினால் வரும் பொறியை ஒருமுறை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: டேஷ்போர்டில் உள்ள பழைய ஆம்பியர் மீட்டரை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். பழைய வண்டிகள் பலவற்றில் சார்ஜ் கரண்ட் முழுவதும் அந்த மீட்டரின் வழியாகவே போய்வரும். 35 ஆம்பியருக்குச் செய்த மீட்டரில் 80 ஓடினால் முதலில் முள் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு பின்பக்க நட்டு சூடேறும். அதை நீக்கிவிட்டு வோல்ட் மீட்டர் பொருத்துங்கள்.

கேள்வி: ஐயா, லக்கை (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காது) கிரிம்ப் செய்வதெல்லாம், அதாவது கருவியால் அழுத்தி இறுக்குவதெல்லாம், இந்தக் காலத்துச் சோம்பேறித்தனம். ஈயம் ஊற்றிப் பிடித்தால்தான் ஆயுசுக்கும் நிற்கும். நான் 30 ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன்.

பதில்: தங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. உருகிய ஈயம் லக்கோடு நிற்காமல் செம்பு இழைகளுக்கிடையே ஏறி, இன்சுலேஷனுக்குள்ளும் சிறிது தூரம் போய்விடும். அதுவரை ஒயர் கம்பிபோல் விறைத்திருக்கும், அதற்கப்பால் நெகிழ்ந்திருக்கும். இன்ஜினின் அதிர்வெல்லாம் அந்த எல்லைக் கோட்டில்தான் வந்து விழும். அங்கே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்க, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இன்சுலேஷன் புத்தம்புதிதாகவே தெரியும்.

கேள்வி (அதே நண்பர்): கிரிம்ப் செய்த லக் ஆடிப்போய்ப் பச்சை பூத்து வருவதை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேனே?

பதில்: நானும் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை சுத்தியலால் தட்டி நசுக்கியவை. அதற்குக் கிரிம்ப் என்று பெயர் கிடையாது. ஒயரின் அளவுக்கேற்ற அச்சை வைத்து ஹைட்ராலிக் கருவியால் அழுத்தி, குறுக்கே அறுத்துப் பாருங்கள்: இழை தனியாகத் தெரியாது, ஒரே செம்புக் கட்டியாக இருக்கும். அதன்மேல் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடுகாட்டிச் சுருக்கிவிட்டால் ஈரம் நுழைய வழியில்லை.

கேள்வி: கிரிம்ப் செய்துவிட்டு அதன்மேல் ஈயமும் ஊற்றினால் இருவர் வாதமும் தீருமே?

பதில்: நல்ல கிரிம்ப்பில் ஈயம் நுழைய இடமே இருக்காது. நுழைகிறதென்றால் கிரிம்ப் சரியில்லை.

கேள்வி (ஈயம் ஊற்றும் நண்பர்): அந்தக் கருவி இல்லாதவன் என்ன செய்வது?

பதில்: நியாயமான கேள்வி. சுத்தியலால் நசுக்கிய லக்கைவிட, தாங்கள் ஒழுங்காக ஈயம் ஊற்றிய லக் எவ்வளவோ மேல். லக்கிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒயரைக் கிளாம்ப் போட்டுப் பிடித்துவிட்டால் அதிர்வும் அடங்கும். ஆனால் ஒரு கணக்கைக் கேளுங்கள். இணைப்பு தளர்ந்து வெறும் 5 மில்லி ஓம் தடை வந்தாலே, 80 ஆம்பியரில் அங்கே 32 வாட் வெப்பம் உண்டாகும். அது ஒரு சிறிய சாலிடரிங் அயர்னின் சூடு. ஈயக் கலவை 183 டிகிரி செல்சியசில் உருகத் தொடங்கிவிடும் என்பது தங்களுக்குத் தெரியாததா?

கேள்வி: எர்த்துக்கு (கரண்ட் திரும்பும் நெகட்டிவ் வழி) தனி ஒயர் தேவையா? இன்ஜினே இரும்புதானே?

பதில்: இன்ஜின் இரும்புதான், ஆனால் அது ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. பாசிட்டிவுக்குப் போட்ட அதே தடிமனில் ஆல்டர்னேட்டர் உடலிலிருந்து சேசிஸுக்கு ஓர் ஒயர் போடுங்கள். பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் உலோகத்தின்மேல் லக்கை இறுக்குங்கள்.

கேள்வி: பெரிய ஆல்டர்னேட்டர் போட்டால் பேட்டரி ஓவர் சார்ஜ் ஆகுமா?

பதில்: இரண்டாவது பதில்.

கேள்வி: வண்டி நிற்கும்போது ஐடிலிங்கில் விளக்கு மங்குகிறது. புதிது போட்டும் இப்படி ஏன்?

பதில்: ஆல்டர்னேட்டரில் எழுதியிருக்கும் ஆம்பியர், அதன் அச்சு நிமிடத்துக்கு 6000 சுற்றுப் போகும்போது கிடைப்பது. இன்ஜின் 600 சுற்றில் ஓட, புல்லி மூன்று மடங்கு ஆக்கினாலும் 1800தான். ஐடிலிங்கில் எவ்வளவு தரும் என்பதை விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். பெல்ட்டையும் பாருங்கள்: முழுச் சுமையில் ஆல்டர்னேட்டர் ஐந்து குதிரைத்திறன் அளவுக்கு இழுக்கும். புல்லியைச் சுற்றிக் கரும்பொடி படிந்திருந்தால் பெல்ட் வழுக்குகிறது.

கேள்வி: இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்த்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும் என்கிறார்களே?

பதில்: தெரியும். அதுவே அதன் கடைசி வேலையாகவும் இருக்கலாம். டைனமோ காலத்துப் பழக்கம் அது, விட்டுவிடுங்கள். மீட்டர் எதற்கு இருக்கிறது?

கேள்வி: 80 ஆம்பியர் என் பேட்டரியை...

பதில்: இரண்டாவது பதில், ஐயா.

கேள்வி: 35 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டு முடித்துவிட்டேன். பி பிளஸுக்கும் பேட்டரிக்கும் இடையே 0.02 வோல்ட்தான் காட்டுகிறது. நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் வேலை செய்தேன்!

பதில்: மகிழ்ச்சி. அளக்கும்போது விளக்குகளைப் போட்டிருந்தீர்களா? இல்லையென்றால் ஒயரில் பெரிதாகக் கரண்ட் ஓடியிருக்காது, அந்த 0.02க்குப் பொருளும் இல்லை. எல்லாவற்றையும் போட்டுவிட்டு மறுபடி அளந்து எழுதுங்கள்.